மணலைப் பற்றிய பேச்சில் விடுபடும் செல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்னும் கனிமம் பற்றியும் அதிலிருக்கும் தோரியத்தின் கதிரியக்கம் பற்றியும் நம் மாவட்டத்தில் பேச்சு எழும்போதெல்லாம், “கதிர் பட்டால் டி.என்.ஏ. உடையும், புற்றுநோய் வரும்” என்று ஒரு தரப்பும், “இயற்கையாகவே இருப்பதுதான், ஒன்றும் செய்யாது” என்று மறு தரப்பும் சொல்லி முடித்துவிடுகின்றன. செல் தன் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.வை எப்படி நகலெடுக்கிறது என்று தெரியாமல் இவ்விரண்டில் எதையும் எடைபோட இயலாது என்பது, உயிரியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என் உறுதியான கருத்து.

பிரிவதற்கு முன் மனித செல் டி.என்.ஏ.வின் எழுத்துகள் போன்ற காரங்களின் சுமார் 600 கோடி இணைகளை ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் நகலெடுத்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே சமயத்தில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரிந்து, பழைய இழை ஒவ்வொன்றும் அச்சாக நிற்க, அதையொட்டிப் புதிய இழை வளர்கிறது. நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியால் ஒரு திசையில் மட்டுமே இழையை நீட்ட முடியும் என்பதால், புதிய இழைகள் இரண்டில் ஒன்று துண்டு துண்டாக உருவாகிப் பின்னர் லிகேஸ் நொதியால் இணைக்கப்படுகிறது. தவறான காரம் சேர்ந்துவிட்டால் இழையின் முனை சரியாகப் பொருந்தாது. நொதி தயங்கி நின்று, அந்த முனையைத் தன்னிடமுள்ள வேறொரு குழிவுக்குத் தள்ளி, தவற்றை வெட்டியெறிந்துவிட்டே மேலே செல்கிறது. அதற்கும் தப்பியவற்றை வேறு நொதிகள் பின்னால் வந்து திருத்துகின்றன. லட்சத்தில் ஒன்றாக இருக்கும் பிழை, இறுதியில் நூறு கோடியில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

கதிர்வீச்சால் ஓர் இழையில் மட்டும் ஏற்படும் பழுதை, எதிர் இழையைப் பார்த்து செல் சரிசெய்துகொள்கிறது. இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் அது கடினம். பழுது நீங்கும்வரை நகலெடுப்பை நிறுத்திவைக்கும் காவலும் செல்லுக்குள் உண்டு. அதையும் மீறித் தவறான எழுத்து அடுத்தடுத்த நகல்களில் இடம்பிடித்துவிட்டால், இரண்டு இழைகளும் ஒத்துப்போவதால், அதைப் பிழையென்று அறியச் செல்லுக்கு வழியே இல்லை. பழுதைத் திருத்தச் செல்லுக்கு நேரம் வேண்டும். ஆகவே எவ்வளவு கதிர் என்பதோடு, எவ்வளவு வேகத்தில் என்பதும் முக்கியம். நகலெடுப்பில் உருவாகும் மேற்சொன்ன டி.என்.ஏ. துண்டுகளை மனைவி சுனெகோவுடன் கண்டறிந்த ஜப்பானிய அறிவியலாளர் ரெய்ஜி ஒகசாகி, சிறுவயதில் ஹிரோஷிமா அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975இல், 44 வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தார். நம்மைப் போலவே மோனசைட் மணல் கொண்ட கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வோ, நிலத்திலிருந்து வரும் காமா கதிரால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்று 2009இல் தெரிவித்தது. எனினும், மணலைத் தோண்டிப் பிரிக்கும்போது மூச்சில் சேரும் தூசிக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவது முறையன்று.

எனவே, மணல் எடுப்பது குறித்து மக்களிடம் கருத்துக் கேட்கும் முன், கடலோர ஊர்களின் புற்றுநோய் விவரங்களை வயது, புகையிலைப் பழக்கம் ஆகியவற்றோடு ஊர்வாரியாகத் தமிழில் வெளியிடுமாறும், அவற்றை விளக்கிச் சொல்ல மருத்துவர்களையும் அக்கூட்டங்களில் அமர்த்துமாறும் மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.