குரங்கணிக்குப் போகிறேன், மதினி

மதினி,

குரங்கணி–சாம்பலாறு மலையேற்றத் தடத்துக்குப் பதிவு செய்துவிட்டேன். மார்கழியில் போகிறேன். இதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பழைய எண்ணில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். புதிய எண்ணை நீங்கள் எனக்குத் தரவில்லை. நான் இங்கே எழுதுவதை இன்னும் வாசிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நம் வீட்டாரும் வாசிக்கிறார்கள். அதனால் சிலவற்றைத் தொடாமல் போவேன். எவற்றை என்று உங்களுக்குத் தெரியும்.

நாம் ஏறிய டாப் ஸ்டேஷன் வழி அல்ல இது. ஆனாலும் குரங்கணி மலையின் பெயரைக் கேட்டாலே வீட்டில் இன்னமும் பேச்சு நின்றுவிடுகிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேர் இறந்தார்கள். மலையைப் பார்க்கும் ஆசையைத் தவிர அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. நீங்களும் நானும் மழை ஓய்ந்த பிறகு போனதால்தான் இடுப்பளவு உயர்ந்த அந்தப் போதைப்புல்லைப் பச்சையாகப் பார்த்தோம். கோடையில் அது காய்ந்து, காற்றும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று அப்போது நமக்குத் தோன்றவே இல்லை. அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 தடங்களை முறைப்படி திறந்தது. உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருகிறார்கள். கோடையில் தடங்களை மூடிவிடுகிறார்கள். நல்லதுதான். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

நாம் டாப் ஸ்டேஷனுக்கு ஏறிய நாளில் மற்றதெல்லாம் மங்கிவிட்டது. ஓர் இடம் மட்டும் அப்படியே நிற்கிறது. வழியில் உள்ள சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற சிற்றூரைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தோம். நீங்கள் பழைய ரோப்வேயின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். மூணாறுப் பக்கத்துத் தேயிலை, ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பியில் தொங்கியபடி கொட்டக்குடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. 1924 வெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. அதோடு அந்த ரயிலின் கதையே முடிந்தது. மூச்சு வாங்கினாலும் கதையை நிறுத்த மாட்டீர்கள். எனக்கு ஏற்றம் தெரியாமல் இருக்கத்தான் சொல்கிறீர்கள் என்று பிறகுதான் புரிந்தது.

ஒரு பாறையில் உட்கார்ந்தோம். கீழே கொட்டக்குடி ஆற்றுப் பள்ளத்தாக்கில் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. அதுவரை கிடைக்காத சிக்னல் அங்கே கிடைத்து, உங்கள் போன் அடித்தது. பெயரைப் பார்த்தீர்கள். அடிக்க விட்டீர்கள். நின்று, மறுபடி அடித்தது. என்னிடம் நீட்டினீர்கள். "கையெல்லாம் மிளகாய்ப்பொடி, நீ பேசு." கொய்யாவுக்குக் கொண்டு வந்த உப்பு, மிளகாய்ப்பொடிப் பொட்டலம் உங்கள் மடியில் கிடந்தது. அதில் சுற்றியிருந்த வெள்ளை நூல் அவிழ்க்கப்படவில்லை.

நான் வாங்கிப் பேசினேன். மதினி பின்னால் வருகிறார் என்று சொன்னேன். அண்ணன் என்ன கேட்டார் என்பதை இங்கே எழுத மாட்டேன். பேசி முடித்துப் போனைத் திருப்பித் தந்தபோது, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டீர்கள். அந்த வழி என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் ஒன்றும் கேட்காமல், "பக்கம்தான்" என்றேன்.

அப்போது நான் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவள். அண்ணன் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அந்தப் பாறையில் வைத்து உங்களிடம் ஏதாவது கேட்டிருந்தால், கேட்டதை வைத்துக்கொண்டு நான் எங்கே போயிருப்பேன்? நீங்கள் புறப்பட்டுப் போன அன்று நான் அறையை விட்டு வெளியே வராததற்கும் இதுதான் காரணம். மன்னித்துவிடுங்கள் என்று எழுதி எழுதி அழித்தேன். இப்போது எழுதுகிறேன், மன்னித்துவிடுங்கள். ஆனால் அன்று நான் வாசலுக்கு வந்திருந்தால் அம்மாவை யார் பிடித்திருப்பார்கள் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2006இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2018இல் பூக்கும், அப்போது இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்று பேசியிருந்தோம். அந்த ஆண்டு நீங்கள் இல்லை. நான் அண்ணனோடு போனேன். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் கொழுக்குமலைக்கு. சரிவு முழுக்க நீலம். அண்ணன் அன்று அதிகம் பேசவில்லை. ஒரு செடியின் அருகே வெகுநேரம் நின்றார். அவருக்காக நான் வருத்தப்பட்டேன். அதற்காக உங்களிடம் வருத்தம் தெரிவிக்க மாட்டேன். அவர் என் அண்ணன். உங்களுக்கு அவர் எப்படி இருந்தார் என்பது வேறு. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீரபாண்டித் திருவிழா முழுவதும் காட்டியவர் அவர்தான்.

கோபம் எனக்கும் இருக்கிறது, மதினி. நீங்கள் விட்டுப் போனது அவரை. என்னை ஏன் விட்டீர்கள்? ஒரு தீபாவளிக்காவது பேசியிருக்கலாமே. நடக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். கல் மேல் கால் வைக்காதே, கல்லுக்குப் பக்கத்தில் வை. இறக்கத்தில் முழங்காலை விறைக்காதே. தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன்பே குடி. இன்றைக்கும் எந்த மேட்டில் ஏறினாலும் உங்கள் குரல்தான் முன்னால் போகிறது. அலுவலகத் தோழிகளோடு சிறுமலைக்குப் போனபோது இதையெல்லாம் அவர்களுக்குச் சொன்னேன். யாரிடம் கற்றாய் என்று கேட்டார்கள். "சொந்தக்காரர் ஒருவரிடம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். இன்று கேட்டால் "என் மதினி" என்றே சொல்வேன்.

அடுத்த குறிஞ்சி 2030இல். அதுவரை காத்திருக்க எனக்கு மனமில்லை. சேர்ந்து போகலாம் என்று சொல்லிச் சொல்லியே இத்தனை ஆண்டுகளாகக் குரங்கணிப் பக்கம் போகாமல் இருந்துவிட்டேன். தனியாகப் போகப் பயம் இல்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அண்ணனிடமும் சொன்னேன். யாரோடு போகிறாய் என்று கேட்டார். மதினியையும் கூப்பிடப் போகிறேன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் கூப்பிட்டிருப்பேன்.

உங்கள் பெயரைச் சேர்த்துப் பதிவு செய்யவில்லை. உங்களைக் கேட்காமல் உங்களுக்காக முடிவெடுத்தவர்கள் போதும். வருவதாக இருந்தால் நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள். தேதியை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். முதல் நாள் இரவே போடிக்கு வந்துவிடுவேன். நடக்கும்போது நானாக அண்ணனைப் பற்றிப் பேச மாட்டேன். நீங்கள் பேசினால், இந்த முறை கேட்பேன்.