மிஸ்டியின் அடுத்த ஈற்றுக்கு முன்

முருகன் துணை

லிந்துலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தர்ஷினிக்கு அப்பா எழுதிக்கொள்வது,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமென்று நம்புகிறேன். மழை விடவில்லை, அம்மாவின் முழங்கால் வலியும் விடவில்லை. வேறு செய்திகள் இருக்கின்றன, அவற்றை அம்மா தொலைபேசியில் சொல்லட்டும்.

போன கிழமை நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். காது மடிந்த அந்தக் கடுவன் பூனைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேரன் சிரிக்கிறான். அம்மா பேரனைப் பார்த்தாள், நான் குட்டியின் காதைப் பார்த்தேன். வளர்ந்ததும் அதை உன் பாரசீகப் பெட்டைப் பூனை மிஸ்டியோடு சேர்க்கப்போவதாகவும், காது மடிந்த குட்டிக்கு இரட்டை விலை கொடுக்க இப்போதே ஆட்கள் கேட்டு வைத்திருப்பதாகவும் குரற்பதிவில் சொல்லியிருந்தாய். அதன் பிறகு நான் எடுத்த அழைப்புகளுக்கு உனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆகவே கடிதமாக எழுதுகிறேன்.

அந்தக் காது மடிந்திருப்பது ஒரு நோயின் அடையாளம். 1961இல் ஸ்கொத்லாந்தின் பண்ணையொன்றில் சூசி என்ற வெள்ளைப் பூனைக்கு முதன்முதலாக இப்படிக் காணப்பட்டது, இன்று ஸ்கொட்டிஷ் ஃபோல்ட் என்று விற்கப்படுபவை அதன் வழி வந்தவையே. குருத்தெலும்பு சரியாக உருவாகாததால் காது தொங்குகிறது, ஆனால் குருத்தெலும்பு காதில் மட்டும் இருப்பதன்று. கணுக்காலிலும் வாலின் கணுக்களிலும் அதே கோளாறு இருக்கும், வயது ஏற ஏற மூட்டுகள் இறுகி நோவெடுக்கும், குதிக்க வேண்டிய பூனை குதிக்காமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும். அதைச் சாதுவான சுபாவம் என்று சொல்லி விற்கிறார்கள். இதற்குரிய மரபணு மாற்றத்தை 2016இல் கண்டுபிடித்தார்கள். பெற்றோரில் ஒன்றிடமிருந்து மட்டும் வந்தாலும் நோய் உண்டு, கடுமையில்தான் கூடுதல் குறைவு. பிரிட்டனில் 1910 முதல் வம்சாவளிப் பூனைகளைப் பதிந்துவரும் சபை, இந்த இனத்தைப் பதிவதை 1970களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது. மிஸ்டியோடு இதைச் சேர்த்தால் பிறப்பவற்றில் ஏறத்தாழப் பாதிக்குக் காது மடியும். நீ இரட்டை விலை கேட்கப்போவது நோயுள்ள அந்தப் பாதிக்குத்தான். பேரன் பழகிவிட்டானென்றால் குட்டி உங்களோடு இருக்கட்டும், உரிய வயதில் விதை எடுத்துவிட்டு அன்பாக வளருங்கள். இணை சேர்க்க மட்டும் வேண்டாம்.

மிஸ்டியைப் பற்றியும் நான் முன்பே கேட்டிருக்கிறேன், நீ பதில் சொல்லவில்லை. அவளுடைய சிறுநீரகங்களை ஸ்கேன் செய்து பார்த்தாயா? பாரசீகப் பூனைகளுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் பரம்பரை நோய் இருக்கிறது. பிறக்கும்போதே சிறு கட்டிகள் இருக்கும், மெல்ல மெல்லப் பெருக்கும், நடுவயதில் சிறுநீரகம் செயலிழக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. பரிசோதனைகள் பரவலாவதற்கு முன் பல நாடுகளில் பார்த்தபோது பாரசீகப் பூனைகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இந்நோய் இருந்தது. பொறுப்பான வளர்ப்பாளர்கள் நோயுள்ளவற்றை இனவிருத்தியிலிருந்து விலக்கியதால்தான் அங்கெல்லாம் அது குறைந்தது. நோயுள்ள தாய் தன் குட்டிகளில் பாதிக்கு அதைக் கொடுப்பாள். 2004இல் அதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தபின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பினாலே போதும், வெளிநாட்டு ஆய்வுகூடம் முடிவு சொல்லிவிடும். அது சிரமமென்றால் பத்து மாதம் கடந்த பூனைக்கு ஸ்கேனிலேயே தெரியும். மிஸ்டி வெளியே நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நீ சொல்வாய். அந்த நோயுள்ள பூனை இளவயதில் எப்போதுமே நன்றாகத்தான் இருக்கும்.

உன் கடுவன் சிம்பாவும் மிஸ்டியும் ஒரே ஆளிடம் வாங்கியவை என்று மாப்பிள்ளை ஒருமுறை சொன்னார். இரண்டுக்கும் தகப்பன் எது? வம்சாவளிப் பத்திரம் இருந்தால் மூன்று நான்கு தலைமுறை பார்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கேட்டாவது எழுதி வைத்திருக்க வேண்டும். மாடுகளுக்குச் செயற்கை முறையில் சினைப்படுத்தும் வேலையில் நான் இருந்தபோது, குண்டசாலை நிலையத்திலிருந்து வரும் விந்துக் குழாயில் காளையின் இலக்கம் அச்சிட்டிருக்கும், அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துக் கொப்பியில் எழுதிய பிறகே நான் ஊசி போட்டேன் என்பது சின்ன வயதில் என்னோடு மாட்டுப்பட்டிகளுக்கு வந்த உனக்குத் தெரியும். நல்ல கன்று தந்த காளையே மறுபடியும் வேண்டும் என்று எத்தனையோ பேர் நின்றார்கள். சினைக்கு வந்து நிற்கும் கிடாரி அதே காளையின் மகளாக இருந்தால் நான் போட மறுத்தேன், திட்டும் வாங்கினேன். தகப்பனும் மகளும் சேர்ந்தாலும், கூடப்பிறந்தவை சேர்ந்தாலும், பிறப்பதன் மரபணுக்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு இரு பக்கமும் ஒன்றாகிவிடும் என்று கணக்குச் சொல்கிறது, ஒளிந்திருக்கும் நோய்கள் அங்கேதான் வெளிப்படும். சிவப்பியின் கன்றுக்கு என்ன நடந்தது என்பதை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். தலவாக்கலையில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் போன மாதம் ஒரு பாரசீகக் குட்டியை மாலிபன் பிஸ்கட் பெட்டியில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார். நான் வைத்தியன் அல்ல என்று சொன்னேன், பார்த்துச் சொன்னால் போதும் என்றார். குட்டி சாப்பிடவில்லை, நுரையாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே நின்றது. கொழும்புப் பக்கம் ஒருவரிடம் முகநூலில் பார்த்து வாங்கியதாகவும், பத்து வாரக் குட்டி என்று சொன்னதாகவும் கூறினார். வாயைத் திறந்து பார்த்தேன், கடைவாய்ப் பாற்பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்து வெளிவந்திருந்தன. ஐந்து வாரம், மிஞ்சினால் ஆறு. தடுப்பூசி அட்டையையும் காட்டினார். ஊசி போட்டால் மருந்துக் குப்பியின் லேபலை உரித்து அட்டையில் ஒட்டுவார்கள், அந்த அட்டையில் பேனாவால் எழுதிய திகதி மட்டும் இருந்தது, வைத்தியரின் முத்திரை இல்லை. உடனே பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். நாவலப்பிட்டி தாண்டுவதற்கு முன்பே இறந்துவிட்டதாக மாலையில் அழைத்துச் சொன்னார். அவருடைய மகள் பள்ளிக்கூடம் போகாமல் அழுதாளாம்.

விளம்பரப் படத்தைத் தன் தொலைபேசியில் அவர் எனக்குக் காட்டினார். குட்டிக்குப் பின்னால் பச்சையில் மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை தொங்கியது. அம்மா உங்கள் வீடு குடிபுகும்போது தைத்துக் கொடுத்ததும் அப்படித்தான் இருக்கும். அந்தத் துணி புறக்கோட்டையில் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது, ஆகையால் நான் அதிலிருந்து எதையும் முடிவு செய்யவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஐந்து வாரத்தில் குட்டியைப் பிரிப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில்தான் பூனைக்குட்டி மனிதரோடும் தன் இனத்தோடும் பழகக் கற்கிறது. கடிக்கும் அளவு, நகத்தை உள்ளே இழுக்கும் நேரம், மண்ணில் போய்விட்டு மூடுவது எல்லாம் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருந்து வருபவை. தாய்ப்பாலால் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டிருக்கும் அதே காலத்தில், முதல் தடுப்பூசியே எட்டாம் ஒன்பதாம் வாரத்தில்தான் தொடங்குகிறது, அடுத்தது பன்னிரண்டை ஒட்டி, பதினாறு வாரம் கடந்து இன்னொன்றும் வேண்டும் என்கிறார்கள். நான் சொன்ன அந்தப் பிரிட்டிஷ் சபை பதின்மூன்று வாரத்துக்கு முன் குட்டி வீடு மாறக்கூடாது என்கிறது. பதின்மூன்று வாரம் வைத்திருந்தால் தீனிச் செலவு கூடும், குட்டியின் பஞ்சுமுகம் கொஞ்சம் மாறிவிடும், வாங்குபவர் விலை குறைப்பார். அதெல்லாம் எனக்கும் தெரியும். பாலைத் தண்ணீர் கலந்து விற்பவனுக்கும் இதே கணக்குத்தான்.

மிஸ்டி எத்தனை ஈற்று ஈன்றாள் என்று நான் எண்ணவில்லை, உன் படங்கள் தாமாகவே எண்ணிக் காட்டுகின்றன. குளிர்நாடுகளில் பகல் குறையும் மாதங்களில் பெட்டைப் பூனை பருவத்துக்கு வராது. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம், அதனால் அவளுக்கு இயற்கையான ஓய்வே கிடையாது, பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படுவாள். வளர்ப்பவர்தான் ஓய்வு கொடுக்க வேண்டும். பல நாடுகளின் பூனைச் சங்கங்கள் சேர்ந்த ஃபிஃபே அமைப்பு, வைத்தியரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் இருபத்துநான்கு மாதங்களுக்குள் மூன்று ஈற்றுக்கு மேல் கூடாது என்று விதித்திருக்கிறது. அதுவே மேல்வரம்பு. தட்டை முகமுள்ளவை ஈனச் சிரமப்படுகின்றன என்பதையும் கணக்கில் எடு. அவளுடைய கண்ணோரம் எப்போதும் ஈரமாக இருக்கிறதே, அது முகம் தட்டையாகிக் கண்ணீர்க் குழாய் வளைந்துபோனதால் வருவது. இன்னும் தட்டையான முகம் கேட்கும் வாடிக்கையாளருக்காக நீ கடுவன் தேடக்கூடாது.

இரத்த வகையும் பார்த்துக்கொள். தாய் பி வகையாகவும் தகப்பன் ஏ வகையாகவும் இருந்து குட்டி ஏ வகையாகப் பிறந்தால், முதற்பாலே அதற்கு விஷமாகும். பிறந்தபோது துடிப்பாக இருந்த குட்டி ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்து இறந்துவிடும். உன் பூனையின் முதல் ஈற்றில் காரணமில்லாமல் போன இரண்டைப் பற்றி நீ அழுதுகொண்டு சொன்னதிலிருந்து இது என் மனதில் கிடக்கிறது.

அந்த முதல் ஈற்றில் மிஞ்சியதைச் சொட்டு மருந்துக் குழாயால் இரவு முழுக்கப் பாலூட்டிப் பிழைக்கவைத்தவளும் நீதான். உயர்தரத்தில் உயிரியலுக்கு நீ எடுத்த பெறுபேற்றை நான் இன்றைக்கும் இங்கே ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் அதைக் கேட்டே விஞ்ஞானம் எடுத்தார்கள். மகள் பூனை வளர்க்கிறாள் என்று இங்கே சிரித்தவர்களிடம், அவளுடைய பட்டி ஆஸ்பத்திரியை விடச் சுத்தம் என்று பதில் சொன்னேன். அது உண்மையாகவும் இருந்தது. அப்படிப்பட்டவள் விற்ற பூனையைப் பற்றி வாங்கியவர் அழைத்தால் எடுக்காமல் இருக்கலாமா? யாரோ ஒரு விற்பனையாளர் அந்த ஆசிரியையின் அழைப்பை எடுக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

விற்கும்போது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கு. பிறந்த திகதி, தாய் தகப்பன், என்னென்ன பரிசோதனை செய்தது, என்ன முடிவு வந்தது, இனவிருத்திக்கு விற்றதா வீட்டில் வளர்க்க விற்றதா என்பதை எழுது. வளர்க்க என்றால் உரிய வயதில் கருத்தடை செய்ய வேண்டும் என்பதையும் சேர். வைத்துக்கொள்ள முடியாமல் போனால் எந்த வயதிலும் உன்னிடமே திருப்பித் தரலாம் என்று எழுது, அப்படி வந்ததைச் சலிக்காமல் வாங்கிக்கொள். எங்கே வைக்கப்போகிறார்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நீயும் கேட்க வேண்டும், பதில் சரியில்லையென்றால் விற்காதே. 1907இல் வெள்ளைக்காரன் எழுதிய மிருகவதைத் தடைச் சட்டத்தில் தண்டப்பணம் நூறு ரூபா, அந்தச் சட்டம் உன்னை இதிலெல்லாம் கட்டுப்படுத்தும் என்று நான் காத்திருக்கவில்லை.

மாப்பிள்ளையின் வேலை எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பெரியத்தை ஏதோ சொன்னாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்கேன் செலவையும் மரபணுப் பரிசோதனைச் செலவையும் நான் தருகிறேன். ஓய்வூதியம் வந்ததும் உன் கணக்குக்குப் போடுகிறேன், குட்டிகளைப் பதின்மூன்று வாரம் வைத்திருக்கும் தீனிக்கும் சேர்த்தே போடுகிறேன். திருப்பித் தருவதைப் பற்றிப் பேசாதே.

நீ செய்ய வேண்டியது இதுதான். முடிவுகள் வரும்வரை மிஸ்டியை வேறு அறையில் வை, சிம்பாவையும் சேரவிடாதே. அவளுடைய தடுப்பூசி அட்டையைப் படம் பிடித்து அனுப்பு, லேபல்கள் தெரியும்படி எடு. சிம்பாவின் தகப்பன் யார் என்று கேட்டு எழுது. ஸ்கேனை அங்கே எடுக்க வசதியில்லையென்றால் மிஸ்டியைக் கொண்டு பேராதனைக்கு வா, நான் இங்கிருந்து வந்து நிற்பேன்.

அந்த ஆசிரியை பணத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய வங்கிக் கணக்கு இலக்கத்தை நானாகக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். யாருக்காவது தேவைப்பட்டால் என்னிடம் கேட்கலாம், எதற்கென்று நான் கேட்கமாட்டேன்.

அன்புள்ள
அப்பா