பாசனதாரர் சங்க ஆண்டறிக்கை: செயற்கைக்கோள் வழிப் பயிர்க் கண்காணிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வாய்மடை முதல் கடைமடை வரை வந்திருக்கும் பாசனதாரர் அனைவருக்கும் வணக்கம்.

தூர்வாரல், முறைப்பாசனம், சந்தா வரவு எல்லாம் பொருளாளர் அறிக்கையில் வருகின்றன. இங்கே சொல்ல வேண்டியது இந்த ஆண்டு தொடங்கிய பயிர்க் கண்காணிப்பு பற்றித்தான். "இனி வயலுக்கே போக வேண்டாம், எல்லாம் படத்தில் தெரிந்துவிடும்" என்று சிலரும், "வானத்தில் இருந்துகொண்டு நம் வயலில் என்ன தெரியப்போகிறது" என்று சிலரும் பேசிக்கொள்வதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பயிரின் பசுமையைக் காட்டும் என்.டி.வி.ஐ. என்ற குறியீடு கிடைக்கும். அது -1 முதல் +1 வரை போகும். நட்டுத் தண்ணீர் கட்டிய வயலில் பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கும். தூர் கட்டக் கட்ட ஏறும். கதிர் வரும் நேரத்தில் நல்ல பயிர் 0.7, 0.8 என்று காட்டும். மணி முற்றும்போது இறங்கும். கடைசியாகச் சொன்னதை மறந்துவிட்டு, முதலில் நட்ட வயல் பழுக்கத் தொடங்கியதை நோய் என்று சொன்னவர்கள் உண்டு. ஒரே வாரத்தில் நட்ட, ஒரே வயதுடைய ரகங்களைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குறுகிய வயது ஏடிடி 43-ஐயும் நீண்ட வயது சிஆர் 1009-ஐயும் ஒரே தேதியில் ஒப்பிட்டால் பயிரின் நலம் தெரியாது. வயது வித்தியாசம்தான் தெரியும்.

நாம் எடுப்பது சென்டினல்-2 படம். ஐரோப்பிய விண்வெளி முகமை 2015 முதல் ஏவிவரும் இந்த வகைச் செயற்கைக்கோள்களில் இரண்டு சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை நம் தலைக்கு மேலே வரும்படி அமைந்தவை. படத்துக்குக் காசு கிடையாது. கோபர்னிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, வளிமண்டலத் திருத்தம் செய்த எல்2ஏ வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு வகை ஒளிக்கும் படத்தில் தனிப் பட்டை உண்டு: சிவப்புக்கு 4-ஆம் பட்டை, அகச்சிவப்புக்கு 8-ஆம் பட்டை. இரண்டிலும் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு மா நிலம் சுமார் 33 சென்ட், அதாவது 1,335 சதுர மீட்டர். கணக்குப்படி 13 பிக்சல். ஆனால் வரப்பு, வாய்க்கால், தென்னை எல்லாம் ஓரத்துப் பிக்சலில் கலந்துவிடும். போன் ஜிபிஎஸ்ஸும் சில மீட்டர் தள்ளிக் காட்டும். அதனால் எல்லையிலிருந்து 10 மீட்டர் உள்ளே தள்ளிக் கணக்கெடுக்கிறோம். 27 மீட்டர் அகலமுள்ள வயலில் இருபுறமும் அப்படிச் செய்தால் மிஞ்சுவது 7 மீட்டர்ப் பட்டை. ஒரு முழு பிக்சலுக்குக்கூட இடமில்லை. ஒரு மா, இரண்டு மா வைத்திருப்போர் "என் வயலைத் தனியாகக் காட்டு" என்று கேட்பது நியாயம்தான், ஆனால் அதற்கு இந்தப் படம் போதாது. ஒரே ரகம், ஒரே வார நடவு என்று அடுத்தடுத்த வயல்களைச் சேர்த்து ஒரு தொகுப்பாகப் பார்ப்பதே வழி.

மூல எண்களை இறக்கி கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கணக்கிடுவோர் கவனிக்க: 2022 ஜனவரி 25 முதல் இந்தப் படங்களின் எண்களில் 1000 கூட்டி வெளியிடுகிறார்கள். அதைக் கழிக்காவிட்டால் குறியீடு இறங்கிவிடும். சிவப்பு 1400, அகச்சிவப்பு 5000 என்றிருந்தால் சரியான விடை 3600-ஐ 4400-ஆல் வகுத்து 0.82. கழிக்க மறந்தால் 3600-ஐ 6400-ஆல் வகுத்து 0.56. 2021 படத்தோடு ஒப்பிட்டு "பயிர் பாதியாகிவிட்டது" என்று யாரும் பதற வேண்டாம்.

வண்ண அளவும் அப்படியே. மென்பொருளை அதன் போக்கில் விட்டால், அன்றைய படத்தின் மிகக் குறைந்த எண்ணுக்குச் சிவப்பு பூசிவிடும். ஊர் முழுக்கப் பயிர் செழித்திருந்தாலும் யாரோ ஒருவர் வயல் சிவப்பாக இருந்தே தீரும். 0 முதல் 0.9 வரை என்று நிலையாகப் பூட்டிவிட்டுத்தான் படத்தை அனுப்ப வேண்டும்.

சம்பாவுக்கு இந்த முறை பாதி நாள் உதவாது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விலகினால்தானே! எல்2ஏ-வோடு, ஒவ்வொரு பிக்சலும் என்ன என்று எண்ணால் சொல்லும் வகைப்பாட்டு அடுக்கு வரும். அதில் 3, 8, 9, 10 ஆகிய எண்கள் மேக நிழலும் மேகமும். அவற்றை நீக்கிவிட வேண்டும். நீக்கிய பிறகும் மெல்லிய மேகம் தப்பி நிற்கும். ஆகவே ஒரே தேதியில் தெரியும் சரிவை நம்புவதில்லை. அடுத்த தெளிவான படத்திலும் அதே இடம் இறங்கியிருந்தால்தான் ஆளை அனுப்புகிறோம். மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படம் நடவு எப்போது நடந்தது, எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்பதற்கு நன்றாக உதவும். பச்சை வெளுத்ததா என்பதை அது சொல்லாது.

பயிர் வயலை மூடிய பிறகு இன்னொரு தடை. என்.டி.வி.ஐ. உச்சத்துக்கு அருகில் போய் நின்றுவிடும். தழைச்சத்து கூடக் குறைய இருந்தாலும் எண் அசையாது. அப்போது சிவப்புக்குப் பதிலாக 705 நானோமீட்டர் சிவப்பு விளிம்பை, அதாவது 5-ஆம் பட்டையைப் போட்டால் வேறுபாடு தெரியும். அதன் பிக்சல் 20 மீட்டர். ஒன்றே ஏறக்குறைய 10 சென்ட். பெரிய தொகுப்புக்கு மட்டுமே பொருந்தும்.

எண் எப்போதும் இடத்தைத்தான் காட்டும். துத்தநாகக் குறையா, தண்ணீர் ஏறவில்லையா, இலைச்சுருட்டா என்பதை இறங்கித்தான் பார்க்க வேண்டும். களை மண்டிய வயலும் பச்சையாகவே தெரியும். குதிரைவாலிக்கும் நெல்லுக்கும் குறியீடு வித்தியாசம் காட்டாது. புகையான் பூச்சி தூரடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மேலிருந்து பார்க்கும் படத்தில் அது தெரிவது வட்டம் வட்டமாகக் காய்ந்த பிறகுதான். அதற்குள் காலம் கடந்திருக்கும். புகையானுக்குப் படத்தை நம்பி இருக்காதீர்கள், தூரைப் பிரித்துப் பாருங்கள்.

தழைச்சத்துக் குறை என்று சந்தேகம் வந்தால், இலையின் பச்சையை எண்ணிட்ட நிறங்களோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டை போதும். காலை 8 முதல் 10 மணிக்குள், உடம்பு நிழலில், மேலே முழுதாக விரிந்த இலையை வைத்து 10 குத்துகளில் பார்க்க வேண்டும். 6 அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் அட்டையின் 4-ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் மேலுரம் இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எல்லை 3.

இந்தப் படத்தைக் காட்டிப் பயிர்க் காப்பீடு வாங்கலாமா என்று பலர் கேட்டார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் விளைச்சல் இழப்பு தனி வயலுக்கு அல்ல, அறிவிக்கப்பட்ட பகுதி முழுமைக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. நம் சங்கப் படம் அங்கே செல்லாது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். நடவு முடிந்த ஒரு வாரத்துக்குள் ரகம், நடவுத் தேதி, சர்வே எண் மூன்றையும் சங்கப் பதிவேட்டில் எழுதித் தர வேண்டும். களத்தில் பார்த்து உறுதி செய்யாத படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. தொகுப்புக்கு ஒரு வண்ண அட்டை வீதம் வாங்கச் சங்க நிதியிலிருந்து செலவிட அனுமதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்