அயர்லாந்துக் கத்தோலிக்க ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர்களே,

குத்தகை விவசாயிகளின் நிலப் போராட்டம் என்றதும், 'சாமியார்கள் எங்களோடு நின்றார்கள்' என்ற பெருமை மேயோ, டொனிகால் ஊர்களில் இன்றும் உண்டு. நியாயமான பெருமைதான். ஆனால் சொல்லச் சொல்ல 'சாமியார்கள்' என்பது 'திருச்சபை' என்று மாறிவிடுகிறது. அங்கேதான் எனக்கு வழக்கு.

1880-இல் லாக் மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் காரியஸ்தர் கேப்டன் பாய்காட்டை ஊரே தள்ளிவைத்தது. வேலையாட்கள் நின்றுகொண்டார்கள். லாடம் அடிக்கக் கொல்லர் இல்லை, துணி வெளுக்க ஆள் இல்லை, தபால் கொண்டுவரும் பையன்கூட வரவில்லை. இதை முன்னின்று நடத்தியவர் நீல் என்ற ஊரின் பங்குச் சாமியார் ஜான் ஓமாலி. இப்படித் தள்ளிவைப்பதற்கு 'பாய்காட்' என்று பேர் வைத்தவரும் அவரே என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதினார். கடைசியில் வடக்கே அல்ஸ்டரிலிருந்து 50 பேர் படைக்காவலோடு வந்து பாய்காட்டின் வயலை அறுவடை செய்தார்கள். சுமார் 500 பவுன் விளைச்சலுக்குப் படைக்காவல் செலவு ஏறத்தாழ 10,000 பவுன்!

படை திரும்பும் நாளில் யாரும் தெருவில் நிற்கக் கூடாது என்று ஓமாலி சொல்லிவைத்திருந்தாராம். ஒரு கிழவி மட்டும் சுவரோரம் நின்றிருக்கிறாள். 'ராணியின் படையை மிரட்டவா வந்தாய்?' என்று குடையை ஆட்டி அதட்டினாராம். எனக்கு மிகப் பிடித்த கதை.

சரி, அவரை நினைவில் வையுங்கள். அப்படியே இதையும். 1879 ஏப்ரலில் நடந்த ஐரிஷ்டவுன் கூட்டத்திலிருந்துதான் எல்லாம் கிளம்பியது. அந்தக் கூட்டம் யாருக்கு எதிராக? குத்தகை பாக்கிக்காகக் குடியானவர்களை வெளியேற்றப் பார்த்த கேனன் பர்க் என்ற சாமியாருக்கு எதிராக என்கிறார் நிலப் போராட்டத் தலைவர் மைக்கேல் டேவிட். ஜூனில் வெஸ்ட்போர்ட்டில் நடந்த அடுத்த குடியானவர் கூட்டத்தைக் கண்டித்து டூவம் பேராயர் மக்ஹேல் பெயரில் கடிதம் வெளியானது. 1888-இல் உரோமையே பாய்காட்டைக் கண்டித்து ஆணை அனுப்பியது. குத்தகைக்காரர்களுக்காகப் பேசிய க்வீடோர் பங்குத்தந்தை ஜேம்ஸ் மக்ஃபேடன் சிறையில் இருந்ததும் அதே ஆண்டில்தான்.

ஓமாலி, மக்ஃபேடன் போன்றவர்கள் நிலக்காரரோடு மட்டும் மோதவில்லை, மேலே இருந்தவர்களின் முகச்சுளிப்பையும் தாங்கினார்கள். அதை மறைத்தால் அவர்கள் பட்ட பாட்டில் பாதி போய்விடும்.

அடுத்த முறை இவர்களுக்காகப் பூசை வைக்கும்போது, அந்த 1888 ஆணையை முதலில் வாசியுங்கள். அப்புறம் மக்ஃபேடன் பேரைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
'பாய்காட்' என்ற சொல்லைத் தேடி உங்கள் ஊர்க்கதைக்குள் வந்த ஒரு தமிழ் வாசகன்