அம்மாவின் மாத்திரைக் கணக்கை எழுதிக் கொடுத்த தம்பிக்கு

எங்கள் தெருவாருக்கும் உறவினருக்கும், அம்மாவோடு பள்ளியில் பணியாற்றிய ஆசிரியைகளுக்கும் வணக்கம்.

கடந்த எட்டு மாதங்களில் எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. நேற்று முன்தினம் நரம்பியல் மருத்துவர் அம்மாவின் கோப்பில் முதல் பக்கத்தில் இருந்த 'பார்க்கின்சன் நோய்' என்ற சொற்களை அடித்துவிட்டு, பக்கத்திலேயே 'மருந்தால் வந்த பார்க்கின்சோனிசம், தெளிந்துவிட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நடுக்கமும் மந்தமும் அந்த நரம்பு நோயால் அல்ல, ஒரு மாத்திரையால் வந்தவை என்பதே அதன் பொருள். பார்க்கின்சன் நோய்க்கு உரிய ஜி 20 என்ற நோய்க்குறியீடு ஜி 21.1 ஆனது. அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்த நாங்கள், அங்கேயே நின்று அழுதோம்.

இந்த மடலின் பெரும்பகுதி எங்கள் கடைத்தெருவின் மருந்துக் கடையில் இரவு நேரம் பணியில் இருக்கும் ஒரு தம்பிக்கு உரியது. அவர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

எட்டு மாதங்களுக்கு முன் ஒரு மாலை நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர், அம்மாவின் கை நடுக்கத்தையும் நடையின் மெதுவையும் கண்டு, சீட்டில் 'பார்க்கின்சன், நிலை 2' என்று எழுதி, நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பியிருந்தார். வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று அவர் கேட்டபோது, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மட்டும் என்று பதில் சொன்னவள் நான்தான். தலைச்சுற்றலுக்காக அம்மா விழுங்கிவந்த சின்னாரிசின் எனக்கு ஒரு மருந்தாகவே நினைவுக்கு வரவில்லை. சீட்டில் இருந்த புது மாத்திரையை வாங்கக் கடைக்குப் போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சீட்டைப் படித்த அந்தத் தம்பி, மாத்திரையை எடுக்காமல் கணினியில் அம்மாவின் பெயரைத் தட்டிப் பழைய பில்களைப் பார்த்தார். பதினைந்து நாளைக்கு என்று எழுதிக் கொடுக்கப்பட்ட அந்தச் சின்னாரிசினை, பழைய மாத்திரை அட்டையைக் காட்டிக் காட்டி நாங்கள் பதினான்கு மாதங்களாக வாங்கியிருந்தோம்.

அவர் ஒரு மருந்துப் பெட்டியைப் பிரித்து, அதன் உட்புறத்தில் நீல மையில் ஒவ்வொன்றாக எழுதினார்: மாத்திரையின் பெயர், 25 மில்லிகிராம், மூன்று வேளை, முதன்முதலில் வாங்கிய தேதி, கடைசியாக வாங்கிய தேதி. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இடையில் வாந்திக்கு வாங்கியது என்று எதையும் விடவில்லை. "இதை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை அக்கா. புது மாத்திரையை ஆரம்பிக்கும் முன்னால் இந்த அட்டையை நரம்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்; அவர் சொன்ன பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்றார். கடையைப் பூட்ட வேண்டிய நேரத்தில், வரவேண்டிய வியாபாரத்தையும் தள்ளி வைத்துவிட்டு, அவர் எங்களுக்காகச் செலவிட்டது கால் மணி நேரம் இருக்கும்.

நரம்பியல் மருத்துவர் அம்மாவின் கையைத் தொடும் முன்பே அந்த அட்டையைத்தான் படித்தார். பிறகு கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொன்னார். மணிக்கட்டைச் சுழற்றி விறைப்பைப் பார்த்தார். பின்னால் நின்று தோளை இழுத்துச் சமநிலையைச் சோதித்தார். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிவைத்த இந்த நோயை இன்றும் இரத்தப் பரிசோதனை ஒன்றை வைத்து முடிவு செய்வதில்லை என்றும், அசைவில் மந்தமும் அதனுடன் ஓய்வுநிலை நடுக்கமோ விறைப்போ இருப்பதை மருத்துவர் தம் கண்ணாலும் கையாலும் கண்டறிவதே அடிப்படை என்றும் பொறுமையாக விளக்கினார். பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும். அம்மாவுக்கோ இரு கைகளும் ஒரே அளவில் மந்தமாக இருந்தன. சின்னாரிசினைப் போல, மூளையில் அசைவுக்கு உதவும் டோப்பமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்தை, இத்தகைய பாதிப்பைத் தரக்கூடிய அளவிலும் காலத்திலும் ஒருவர் சாப்பிட்டுவந்திருந்தால் அதைப் பார்க்கின்சன் நோய் என்று முத்திரை குத்தக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் சர்வதேச வரையறையே சொல்கிறதாம். நோயில் டோப்பமைன் ஊற்றே வற்றிப்போவது வேறு, மருந்து அதன் மடையை அடைத்து வைத்திருப்பது வேறு என்று நான் அதைப் புரிந்துகொண்டேன்.

'நிலை 2' என்பதைப் புற்றுநோயின் நிலையைப் போல எண்ணி இரண்டு இரவுகள் உறங்காமல் இருந்தோம். அது 1967-இல் ஹோன், யாஹ்ர் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த ஐந்து படிகளில் ஒன்று. உடலின் இரு பக்கமும் பாதிப்பு உண்டு, சமநிலை கெடவில்லை என்பதே அதற்குப் பொருள். படியைச் சொல்வதால் காரணத்தைச் சொன்னதாக ஆகாது என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

சின்னாரிசினை நரம்பியல் மருத்துவர் நிறுத்தினார். தெளிவதற்குப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு மறைந்திருந்த உண்மையான நோயே இப்படி வெளிப்பட்டிருக்கவும் கூடும், அதனால் காத்திருந்துதான் பெயர் வைக்க முடியும் என்றார். மூன்றாம் மாதம் வரை ஒன்றும் மாறவில்லை. ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை, அம்மா என்னைக் கூப்பிடாமலே ரவிக்கையின் கொக்கிகளைத் தாமே மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். மேலிருந்து இரண்டாவது கொக்கி தவறிய துளையில் இருந்தது. நான் அதைச் சரி செய்யவில்லை.

ஆட்டோவில் ஏற்றி இறக்கிய அண்ணனுக்கும், வாசலிலேயே நடைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி தங்கைக்கும், சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அத்தைக்கும், மாதாமாதம் விடுப்பு தந்த என் அலுவலகத்தாருக்கும், கேட்காமலே பணம் அனுப்பிய சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

மருத்துவமனைப் பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களை நினைக்காமல் இந்த மடலை முடிக்க முடியவில்லை. அவர்களில் பலருடைய கோப்பில் ஜி 20 அப்படியேதான் இருக்கிறது. பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோப்பா மருந்து வேளைக்குச் சற்றுத் தாமதமானாலும் உடல் நின்றுபோகும் அந்த ஐயா, தம் முறை வந்தபோதும் அம்மாவை முதலில் உள்ளே அனுப்பினார். அவருக்கும் அவர் மனைவிக்கும் என் வணக்கம். மாதந்தோறும் உங்களோடு அந்தப் பெஞ்சுக்கு வருவேன், மருந்து வாங்கும் வரிசையில் உங்களுக்குப் பதிலாக நான் நிற்பேன்.

இனி எந்த மாத்திரையையும் 'எத்தனை நாளைக்கு?' என்று கேட்காமல் வாங்குவதில்லை என்று உறுதி எடுத்திருக்கிறேன். தலைச்சுற்றலுக்கும், ஒற்றைத் தலைவலிக்கும், வாந்திக்கும், வயிற்றுக்கும், மனநலத்துக்கும் தரப்படும் சில மருந்துகளுக்கு இத்தகைய விளைவு உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவற்றைச் சாப்பிட்டால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முழுப் பட்டியலையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

தம்பி, உங்கள் கையெழுத்துள்ள அந்த அட்டை அம்மாவின் கைப்பையில் இருக்கிறது. மை மங்கத் தொடங்கியதால் மேலே செல்லோடேப் ஒட்டியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை இரவு, கடை மூடும் நேரத்துக்கு அம்மா உங்களைப் பார்க்க நடந்தே வருவார்.

நன்றியுடன்,
மகள்