வார இறுதி வானொலி: நல்ல குரல் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இறுதி வானொலி நிகழ்ச்சிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் அறிவிப்பாளர்களின் குரலையும் உச்சரிப்பையும் மனம் நிறையப் பாராட்டியிருந்தீர்கள். அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் "நல்ல குரல் இருந்தால் வானொலியில் சேர்ந்துவிடலாம்" என்று கட்டுரையை முடித்திருப்பது, கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்த வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகளைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் கேட்கும் அரை மணி நேரத்துக்குப் பின்னால் ஐந்தாறு பேரின் உழைப்பு இருக்கிறது. அதில் மைக் முன்னால் உட்காருபவர் ஒருவர்தான்.

முதலில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர். யாரை அழைப்பது, என்ன கேட்பது, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்பவர் அவர். அரை மணி நேர நிகழ்ச்சி என்றால் உள்ளடக்கம் 28 அல்லது 29 நிமிடம்தான். மிச்சம் முகப்பு இசைக்கும் அறிவிப்புக்கும் போய்விடும். அடுத்து வருவது டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ நேரடியாக வாங்கி அஞ்சல் செய்யும் செய்தி என்றால், அது நமக்காக ஒரு நொடிகூடக் காத்திருக்காது. நிகழ்ச்சி நீண்டால் விருந்தினரின் கடைசி வாக்கியம் பாதியில் வெட்டுப்படும். குறைந்தால் வாத்திய இசை போட்டு நிரப்ப வேண்டும். அதனால் எழுத்துப் பிரதியைத் தயாரிக்கும்போதே கணக்குப் போட்டுவிடுவார்கள். தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள். ஐந்து நிமிட உரைக்கு 500 சொற்களுக்கு மேல் எழுதிக் கொடுத்தால் வாசிப்பவர் ஓட வேண்டியிருக்கும். ஓடினால் முதலில் கெடுவது ழகரமும் றகரமும்தான்.

அடுத்தவர் எடிட்டர். கேட்பவருக்குத் தெரியவே கூடாத வேலை என்பதாலோ என்னவோ, இவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஒரு மணி நேரம் பதிவு செய்த பேட்டியை 20 நிமிடமாக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். ஒலிநாடாச் சுருளில் பதிவு செய்த ஸ்பூல் டேப் காலத்தில் பிளேடால் நாடாவைச் சாய்வாக வெட்டி ஒட்டினார்கள். தப்பாக வெட்டினால் துண்டைத் தேடி எடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். இன்று கணினியில் ஒரு சொடுக்கில் திரும்பிப் போகலாம். ஆனால் காது அதே காதுதான் வேண்டும். புதிதாக வருபவர்கள் பேசுபவரின் மூச்சு முழுவதையும் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். பேச்சு இயந்திரம் பேசுவதுபோல ஆகிவிடும். மூச்சில் பாதியையாவது வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். மின்விசிறியை ஓடவிட்டுப் பதிவு செய்துவிட்டு, பிறகு இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும். பதிவின்போதே விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துவதுதான் வழி. யாரும் பேசாத அறையின் ஒலியை ஒரு நிமிடம் தனியாகப் பதிந்து வைத்துக்கொள்வார்கள். வெட்டிய இடத்தில் அதை நிரப்பினால் ஒட்டு தெரியாது.

பதிவின் ஒலி அளவும் அப்படித்தான். பதிவுக் கருவியின் மீட்டரில் உச்சம் கழித்தல் 6 (-6) டெசிபல் அளவில் நின்றால் பாதுகாப்பு. பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியைப் பழையபடி ஆக்க முடியாது. மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் பேச வேண்டும். இல்லாவிட்டால் 'பாண்டி', 'பத்து' என்று சொல்லும்போதெல்லாம் காற்று மோதி 'டப்' என்று விழும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மீனவர்களிடம் பேட்டி எடுப்பவருக்கு ஸ்டுடியோவில் மைக்குக்குப் போடும் பஞ்சு உறை போதாது. கடற்காற்றுக்கு ரோமம் வைத்த உறை வேண்டும். முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்று மைக்கை மறைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

நேயர்கள் தொலைபேசியில் பேசும் நேரடி நிகழ்ச்சி என்றால் இன்னும் இரண்டு பேர் சேருவார்கள். ஒருவர் அழைப்பை எடுத்து, பெயரும் ஊரும் கேட்டு, லைன் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வரிசையில் நிறுத்துவார். மற்றவர் ஒலிகளைக் கூட்டிக் குறைத்துக் கலக்கும் பலகையான கன்சோலில் இருப்பார். "உங்க ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று அறிவிப்பாளர் கெஞ்சுவது வெறும் சம்பிரதாயம் இல்லை. நேயர் வீட்டு வானொலியின் ஒலி அவர் போன் வழியாகத் திரும்ப ஸ்டுடியோவுக்குள் நுழைந்தால், சுற்றிச் சுற்றி ஊளையிடத் தொடங்கும். நேயருக்கு அனுப்பும் ஒலியில் அவருடைய சொந்தக் குரலைக் கழித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். கன்சோலில் அதைத் தவறவிட்டால் அவர் குரலே தாமதமாக அவர் காதில் விழும். பாவம், திக்கித் திணறிப் போவார். கேட்பவர்களோ அவருக்குப் பேச வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

இவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பதைத்தான் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். 1967 முதல் இயங்கும் புதுச்சேரி வானொலி நிலையத்தைப் போன்ற அகில இந்திய வானொலி நிலையங்களில், நாம் கேட்கும் குரல்களில் பல தற்காலிக அறிவிப்பாளர்களுடையவை. எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, பிறகு 'வாணி' என்னும் அறிவிப்பாளர் பயிற்சிச் சான்றிதழ் என்று தாண்டி வருகிறார்கள். மாதத்துக்கு ஆறு முறைக்கு மேல் பணி கிடைக்காது. அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது; அதனால்தான் அவர்களில் பலர் வேறு தொழிலும் பார்க்கிறார்கள். இதைச் சொல்லாமல் ஒரு பிள்ளையை இந்தப் பக்கம் அனுப்புவது சரியில்லை. ஒலிபரப்பு நிர்வாகி, நிகழ்ச்சி நிர்வாகி ஆகியவை நிரந்தரப் பதவிகள். அவற்றுக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) வழியாக 2013-இல் போட்டித் தேர்வு நடந்தது. இப்படிப்பட்ட அறிவிப்பு அடிக்கடி வருவதில்லை. பொறியியல் பிரிவுக்கு மின்னணுவியல் படிப்பு வேண்டும். பாடுபவர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் தனித் தேர்வு. பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிப்பார்கள்.

இன்றைய மாணவர்களுக்கு மிக அருகில் இருக்கும் வாசல் சமுதாய வானொலி. புதுவைப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி, 107.8 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 2006-இல் வந்த கொள்கைப்படி, கல்வி நிறுவனங்களோடு தொண்டு அமைப்புகளும் இத்தகைய நிலையம் நடத்தலாம். 100 வாட் ஆற்றல், சில கிலோமீட்டர் எல்லை. நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தப் பகுதியிலேயே தயாரானதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே எழுதவும், பதியவும், வெட்டவும் ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். அங்கே ஒரே மாணவர் காலையில் பேட்டி எடுப்பார், மதியம் எடிட் செய்வார், மாலையில் கன்சோலில் உட்காருவார். பெரிய நிலையத்தில் பல ஆண்டுகளில் கிடைக்கும் பயிற்சி இது. எனக்குத் தெரிந்தவரை, குரலை மட்டும் நம்பி வருபவர்களைவிட எடிட்டிங் தெரிந்து வருபவர்களுக்குத்தான் தனியார் பண்பலை நிலையங்களிலும் சீக்கிரம் வேலை கிடைக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்து ஒரு வானொலி நிகழ்ச்சியைப் பற்றி எழுதும்போது, தயாரிப்பாளர், எடிட்டர், கன்சோலில் இருந்தவர், அழைப்பை எடுத்தவர் ஆகிய எல்லோருடைய பெயரையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். கூடவே அவர்கள் என்ன படித்தார்கள், எந்தத் தேர்வு எழுதி வந்தார்கள் என்பதையும் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி சேருங்கள். ஒரு பெட்டிச் செய்தி அளவுக்கு இடம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் துறை வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.