உன் பட்டியலுக்கு அம்மாவின் மறுப்பு

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய 'தலைசிறந்த பத்து ராக் ஆல்பம்' பட்டியலை அப்பா சத்தமாகவே வாசித்துக் காட்டினார். லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம் முதலில், பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' இரண்டாவது, பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' மூன்றாவது. டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்' எட்டாவது இடத்தில் கிடப்பது அவருக்கு ஆறவே இல்லை. அதைப் பற்றி அவர் தனியாக எழுதுவார். எனக்கு உன்னோடு இருப்பது வேறு வழக்கு.

"நாலு பேர், நாலு வாத்தியம், வெளியாள் உதவி கிடையாது, அதனால்தான் செப்பலின் ஒரு படி மேலே" என்று எழுதியிருக்கிறாய். இடத்தைப் பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. இந்தக் காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதே ஆல்பத்தில் 'த பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாட்டைப் போட்டுக் கேள். செப்பலினின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்கு மறுமொழி சொல்வது போல ஒரு பெண் குரல் வருகிறதே, அது சாண்டி டென்னி என்கிற வெளிப் பாடகி. 1971-இல் வந்த அந்த ஆல்பத்தின் முன்னட்டையில் ஒரு பெயரும் கிடையாது. உள்ளுறையில் நான்கு பேருக்கும் பெயருக்குப் பதிலாக ஆளுக்கொரு அடையாளக் குறி போட்டிருந்தார்கள். சாண்டிக்கும் ஒரு குறி உண்டு, மூன்று முக்கோணங்கள். வெளியாள் வந்து பாடினார் என்பதை அவர்களே மறைக்கவில்லை. நீ ஏன் மறைக்கிறாய்?

உனக்கு உயிரான 'வென் த லெவி பிரேக்ஸ்' விஷயமும் அப்படித்தான். அந்த டிரம்ஸ் ஒலிக்கு நானும் அடிமை. ஹெட்லி கிரேஞ்ச் என்கிற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மைக்குகளை மேல்மாடியிலிருந்து தொங்கவிட்டுப் பதிந்தார்கள். வீடே சேர்ந்து அதிர்கிற மாதிரி இருப்பது அதனால்தான். ஆனால் பாட்டு அவர்களுடையது அல்ல. 1927-இல் மிசிசிப்பி ஆறு கரையுடைத்துப் பெருகிய வெள்ளத்தைப் பற்றி, 1929-இல் மெம்ஃபிஸ் மின்னியும் அவர் கணவர் கான்சஸ் ஜோ மெக்காயும் பதிவுசெய்த பாட்டு அது. செப்பலின் பாட்டு வந்தபோது மின்னி உயிரோடுதான் இருந்தார், பக்கவாதத்தில் முடங்கி, வறுமையில். 1973-இல் இறந்துபோனார். அந்த 1929 பதிவை ஒருமுறை தேடிக் கேள். கிட்டாரையும் குரலையும் தவிர ஒன்றும் இருக்காது, ஆனாலும் தண்ணீர் ஏறுவது தெரியும்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். என் முதலிடம் 'டார்க் சைட்'. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1988 வரை 741 வாரம் நின்றது என்பதை நான் சாட்சிக்குக் கூப்பிட மாட்டேன். எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது ஒரு பாட்டின் தரத்தைச் சொல்லாது. 'மணி' பாட்டு ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது, கிட்டார் தனி வரும்போது நாலுக்கு மாறி, பிறகு ஏழுக்கே திரும்புகிறது. மிருதங்கம் படித்தவன் நீ, ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு போட்டுப் பார், கை தானாகப் பொருந்தும். அதுகூட எனக்கு இரண்டாம் பட்சம்தான். இசைத்தட்டின் முதல் பக்கத்தின் கடைசியில் வருகிறதே 'த கிரேட் கிக் இன் த ஸ்கை', அதுதான் என் வாதம் முழுக்க.

அந்த ஆல்பம் 1973 மார்ச்சில் வெளிவருவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே அவர்கள் அதை மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அந்தப் பாட்டின் இடத்தில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் ரைட்டின் ஆர்கன் ஒலிக்க, கூடவே பைபிள் வசனம் வாசிக்கும் டேப் ஓடும். சாவைப் பற்றிய பாட்டு என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் உயிர் இல்லை. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் சொன்னதன் பேரில் கிளேர் டோரி என்கிற பாடகி லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். இருபத்தைந்து வயது. "வார்த்தை வேண்டாம்" என்றார்கள். வார்த்தையும் இல்லை, மெட்டும் யாரும் சொல்லித் தரவில்லை என்றால் என்ன செய்வது? தன்னை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடினார். நம் ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. முதலில் கதறல், நடுவில் கெஞ்சல், கடைசியில் குரல் அடங்கிப் பியானோவோடு இறங்கிவிடுகிறது. சாவுக்குச் சம்மதிக்கிற மாதிரி. நாலு பேரும் ஒரு வருடமாகத் தேடியதை அவர் ஒரே நாளில் கொடுத்துவிட்டுப் போனார்.

கூலி 30 பவுண்டு. ஆல்பத்தில் பாடியவர் என்று அவர் பெயர் இருந்தது. பாட்டை ஆக்கியவர் என்ற உரிமை ரைட்டுக்கு மட்டும். 2004-இல் வழக்குப் போட்டார், 2005-இல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வானது. அதற்குப் பின் வந்த பிரதிகளில் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, பார்.

ரோலிங் ஸ்டோன்ஸின் 'லெட் இட் பிளீட்' உன் பத்தில் இல்லவே இல்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. 'கிம்மி ஷெல்டர்' ஒரு பாட்டுக்காகவே அது உள்ளே வர வேண்டும். 1969-இல் லாஸ் ஏஞ்சலஸில், நடுராத்திரிக்குப் பக்கத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாடகி மெர்ரி கிளேட்டனை வரவழைத்தார்கள். வயிற்றில் பிள்ளை, தலையில் முடி சுருட்டும் உருளைகள். அப்படியே வந்து பாடினார். உச்சத்தில் அவர் குரல் உடைவதைப் பதிவிலேயே கேட்கலாம். அந்த உடைசல் இல்லாமல் அந்தப் பாட்டை நினைத்துப் பார், ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாக்கர் மட்டும் மிஞ்சுவார். போதுமா?

பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' பாட்டுகளில் பேஸ் கிட்டார் வாசித்த கரோல் கேயைப் பற்றியும் எழுத ஆசை. கடிதம் நீண்டுவிடும், போனில் சொல்கிறேன்.

"பெரிய பத்திரிகைகளே சொல்லிவிட்டன" என்று மட்டும் பதில் எழுதாதே. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003-இல் 'சார்ஜென்ட் பெப்பர்ஸை' முதலில் வைத்தது. 2020-இல் அதே பத்திரிகை அதை 24-க்கு இறக்கி, மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தை முதலில் உட்கார வைத்தது. ஆல்பம் அதேதான். ஓட்டுப் போட்டவர்கள் மாறினார்கள்.

என் வரிசை இது: 'டார்க் சைட்', 'லெட் இட் பிளீட்', அப்புறம் உன் செப்பலின். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதற்குள் மின்னி பாட்டையும் 'கிம்மி ஷெல்டரை'யும் நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு வா. அதற்குப் பிறகும் செப்பலின்தான் முதலிடம் என்று சொன்னால் சொல், சண்டை போடலாம். ஆனால் "நாலு பேர்" என்கிற காரணத்தை விட்டுவிட்டு வேறு காரணத்தோடு வா.

அன்புடன்,
அம்மா